மேக்னீட்டோ: ஒரு படக்கதைப் பகைவனின் வளர்ச்சியும் திரிபும்

கதைத்தலைவன் சிறக்கவேண்டுமாயின் அவனை எதிர்த்து நிற்பவனும் சிறந்திருத்தல் வேண்டும் என்பது காப்பியம் பயின்றோர் யாவரும் அறிந்ததே. பகைவன் சிறுத்தால் வெற்றியும் சிறுத்துவிடும். ஆனால் ஒரே பகைவன் பலர் கைப்படும்போது என்னவாகிறான்? வான்மீகியின் இராவணனும் கம்பனின் இராவணனும் புலவர் குழந்தையின் இராவணனும் பெயரால் ஒருவர், பண்பால் மூவர். இவ்வினாவை வகுப்பறையில் காப்பியங்களைக் கொண்டே பலகாலும் ஆராய்ந்து வந்திருக்கிறோம். இக்கட்டுரையில் அதனை வேறொரு களத்திற்குக் கொண்டு செல்கிறோம். அமெரிக்கப் படக்கதைகளில் 1963ஆம் ஆண்டு தோன்றி இன்றுவரை எழுதப்பட்டும் நடிக்கப்பட்டும் வரும் மேக்னீட்டோ என்னும் பகைவனே ஈண்டு நம் ஆய்வுப் பொருள்.

படக்கதை என்றதும் அது சிறுவர் விளையாட்டன்றோ எனப் பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தல் வேண்டும். ஒரு பாத்திரத்தை அறுபது ஆண்டுகளாகப் பல ஆசிரியர்கள், ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் எடுத்து எழுதிச் செல்லும் வழக்கம் நம் இலக்கிய மரபில் காண்டற்கரியது. முன்னவர் எழுதியதை அடுத்தவர் அழிக்க இயலாது. அப்படியே ஏற்கவும் மனம் ஒப்பாது. இந்த இக்கட்டில் பாத்திரப் படைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண மேக்னீட்டோவினும் நல்ல சான்று நமக்குக் கிட்டவில்லை.

முதல் தோற்றம்

1963 செப்டம்பர் என நாளிட்ட 'எக்ஸ்-மென்' முதல் இதழை எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஜாக் கிர்பி. மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே இயல்பு மீறிய ஆற்றல் பெற்றோர் சிலர் உலகில் தோன்றுகின்றனர் என்பது கதையின் அடிப்படை. இவர்களை 'மியூட்டன்ட்' எனக் கதை வழங்கும். மக்கள் இவர்களை அஞ்சுகின்றனர்; வெறுக்கின்றனர். பேராசிரியர் சார்லஸ் சேவியர் இத்தகைய இளைஞர் ஐவரைத் தம் பள்ளியில் சேர்த்து, வெறுப்பவர்களையும் காத்து நிற்கப் பயிற்றுகிறார். ஒவ்வொருவருக்கும் ஆற்றல் வந்த வரலாற்றைத் தனித்தனியே புனையும் உழைப்பை மிச்சப்படுத்தவே 'பிறவியிலேயே அப்படி' என்று வைத்துக்கொண்டதாக லீ பின்னாளில் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. சோம்பலிற் பிறந்த இவ்வுத்தியே, பிறப்பினால் மட்டும் வெறுக்கப்படும் மக்களின் கதையாகப் பின்னர் வளர்ந்தது.

அம்முதல் இதழிலேயே மேக்னீட்டோ வந்துவிடுகிறான். இரும்பையும் ஏனைய உலோகங்களையும் தொடாமலே அசைக்கும் காந்த ஆற்றல் உடையவன். தலையில் கவசம், தோளில் மேலாடை. ஏவுகணைத் தளம் ஒன்றைக் கைப்பற்றுகிறான். ஐந்து இளைஞரும் அவனை விரட்டுகின்றனர். அவனுக்கு ஊரில்லை, பெற்றோரில்லை, மக்களிட்ட பெயருமில்லை. மியூட்டன்ட்டுகளே உலகை ஆளவேண்டும் என்று முழங்குகிறான். ஏன் என்று கேட்பாரில்லை. 1964இல் அவன் அமைத்த கூட்டத்தின் பெயர் 'தீய மியூட்டன்ட்டுகளின் சகோதரத்துவம்' என்பது. தன்னைத் தானே தீயது என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளும் இயக்கம் உலகில் எங்கேனும் உண்டோ? பின்வந்த திரைப்படங்கள் அவ்வடைமொழியை ஓசையின்றிக் கைவிட்டன.

லீ, கிர்பி இருவருமே யூதக் குடியேறிகளின் மக்கள். கிர்பி இரண்டாம் உலகப்போரில் பிரான்சுக் களத்தில் நின்றவர். ஆயினும் தாம் அறிந்த வரலாற்றில் ஒரு துளியைக்கூட இப்பகைவனுக்கு அவர்கள் ஈயவில்லை. ஒரேயொரு விதை மட்டும் அறியாமல் விழுந்திருக்கிறது. 1964ஆம் ஆண்டுக் கதையில் வாண்டா என்னும் பெண்ணை ஊரார் திரண்டு கொல்ல வருகின்றனர். மேக்னீட்டோ அவளைக் காக்கிறான். அந்நன்றிக்கடனால் அவளும் அவள் உடன்பிறந்தானும் விருப்பமின்றி அவன் கூட்டத்தில் இருக்கின்றனர். அன்று இது கதையை நகர்த்தும் காரணமாக மட்டும் நின்றது. ஊரார் திரண்டு வரும் காட்சி அவனை ஏன் அசைத்தது என்று எண்ணிப்பார்க்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

மௌனம் கலைந்தது

1975 முதல் 1991 வரை இத்தொடரை எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட். 1981 அக்டோபரில் வந்த 150ஆம் இதழ், டேவ் காக்ரம் ஓவியத்துடன், இப்பாத்திரத்தை அடியோடு மாற்றியது. மேலோட்டமாகக் காணின் பழைய கதையே: வல்லரசுகள் தம் அணுப்படைக் கருவிகளைக் கைவிட வேண்டும், இன்றேல் அழிவு என்று மேக்னீட்டோ மிரட்டுகிறான். சோவியத்து நீர்மூழ்கி ஒன்று ஏவுகணைகளைச் செலுத்துகிறது. அதனை மாலுமிகளோடு கடலடியில் ஆழ்த்துகிறான். போரின் நடுவே கிட்டி பிரைட் என்னும் சிறுமி அவன் எய்த மின்வீச்சால் வீழ்கிறாள். பதின்மூன்று வயதினள்; யூதக் குடும்பத்துப் பெண்.

அவள் இறந்துவிட்டாள் என எண்ணி மேக்னீட்டோ அவ்வுடலை ஏந்தி நிற்கும் காட்சி இவ்வாய்வின் மையம். தான் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் வளர்ந்தவன் என்பதை வாசகர் முதன்முதலாக அவன் வாயாற் கேட்கின்றனர். தன் குடும்பத்தை அழித்தவர்கள் எதைச் செய்தார்களோ அதையே தானும் செய்துவிட்டோம் என்று உணர்கிறான். பகைவரைக் கொல்லாமல், உலகை வெல்லாமல், அவ்விடம் விட்டு அகல்கிறான். சிறுமி பிழைத்துக்கொள்கிறாள், ஆனால் அவன் பழைய நிலைக்கு மீளவில்லை.

கிளேர்மான்ட் கையாண்ட உத்தி நுட்பமானது. பதினெட்டு ஆண்டுக் கதைகளில் ஒரு சொல்லையும் அவர் திருத்தவில்லை. மேக்னீட்டோவின் வாயடைத்துக் கிடந்த இளமையை மட்டும் பேச வைத்தார். உடனே பழைய கதைகள் வேறு பொருள் தரத் தொடங்கின. வாண்டாவைக் காத்த காட்சி ஒளிபெற்றது. அதே வேளையில் புதிய சிக்கலும் பிறந்தது. முகாமில் துன்புற்றவன் எப்படி அணுகுண்டால் ஒரு நாட்டையே அழிக்கத் துணிந்தான்? 1964ஆம் ஆண்டு மேக்னீட்டோ அதையும் முயன்றிருக்கிறான். இவ்வினாவுக்கு விடைகாண்பதே அடுத்த பத்தாண்டுக் கதைகளின் வேலையாயிற்று.

1982இல் வந்த 161ஆம் இதழ் சேவியரும் மேக்னீட்டோவும் ஒருகாலத்தில் நண்பர் என்று காட்டியது. இடம் ஹைஃபா நகர மருத்துவமனை. முகாம்களில் உயிர்தப்பியோர் மனம் தேறும் இடம். மனிதரும் மியூட்டன்ட்டுகளும் ஒன்றி வாழ இயலும் என்கிறார் சேவியர். மனிதர் எதைச் செய்ய வல்லவர் என்பதைத் தான் கண்டிருப்பதாக மற்றவன் கூறுகிறான். பகை என்பது இரு நண்பர்களுக்கு இடையிலான நெடிய வாதம் என்றாகிறது. கதை அகதிகளின் துயரத்தை உருக்கமாகப் பேசுகிறது. 1948இல் அதே ஹைஃபாவிலிருந்து வெளியேற நேர்ந்த அரபு மக்களின் துயரம் அதன் எல்லைக்குள் வரவில்லை என்பதையும் சொல்லாமல் கடந்துபோதல் நமக்கு இயலாது. ஒரு மக்களின் காயத்தைக் காட்டும் கண்ணாடியில் அருகில் நிற்போர் காயம் விழாமற் போவது இலக்கியத்தில் புதிதன்று.

1987ஆம் ஆண்டுச் சிறுகதை ஒன்று இன்னொரு திரையை விலக்கியது. போருக்குப்பின் உக்ரேனிய நகர் ஒன்றில் மனைவி மக்டாவோடும் மகள் ஆன்யாவோடும் வாழத் தொடங்கியவன் அவன். வீடு தீப்பற்றுகிறது, குழந்தை உள்ளே இருக்கிறாள். அவனது ஆற்றலைக் கண்டு அஞ்சிய கூட்டம் அவனைத் தடுத்து நிறுத்துகிறது, குழந்தை இறக்கிறாள். அவன் சினத்தில் கூட்டத்தையே அழித்துவிட, அதைக் கண்ட மனைவி அவனுக்கு அஞ்சி ஓடுகிறாள். முகாமின் கொடுமை அவனுக்கு அச்சத்தைத் தந்தது. ஆன்யாவின் மரணம் அவ்வச்சத்தைக் கொள்கையாக்கியது. எம் கருத்தில், மேக்னீட்டோ பற்றிய எல்லாக் கதைகளினும் அளவிற் சிறிய இதுவே ஆழத்திற் பெரியது.

பாரிசு நகர வழக்கு

1985 டிசம்பர் நாளிட்ட 200ஆம் இதழ் மேக்னீட்டோவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. வாஷிங்டனில் நடந்த நினைவுக் கூட்டமொன்றில் அவன் தானே முன்வந்து சரணடைந்தவன். பாரிசில் பன்னாட்டு நீதிமன்றம் கூடுகிறது. மூழ்கடிக்கப்பட்ட மாலுமிகளுக்காகக் குற்றச்சாட்டு. தண்டிக்கப்படுவான் என்றோ விடுவிக்கப்படுவான் என்றோ தெளிவாகச் சொல்லக் கதாசிரியர் துணியவில்லை. இடையே கலகம் மூண்டு வழக்கு முடிவுறாமற் போகிறது. ஆனால் ஒரு தீர்ப்பு மட்டும் கிடைக்கிறது. அதுதான் சட்டம் பயில்வோரும் கருதத்தக்கது.

1974ஆம் ஆண்டுக் கதை ஒன்றில் மேக்னீட்டோ கைக்குழந்தையாக மாற்றப்பட்டிருந்தான். எவரும் பெரிதாக மதியாத கதை அது. 1977இல் அவன் மீண்டும் ஆளாக்கப்பட்டபோது கட்டிளமைப் பருவத்தினனாக எழுந்தான். பாரிசு நீதிமன்றம் அதனை எடுத்துக்கொண்டு, குழந்தையானது ஒருவகை மரணம். எனவே அதற்கு முந்திய குற்றங்கள் இவன்மேல் நில்லா என்று ஒதுக்கிவிடுகிறது. முன்னவர் விளையாட்டாகச் செய்ததைப் பின்னவர் மறுபிறப்பாக்கிய திறம் வியப்பிற்குரியது. 1963 முதல் செய்த கோமாளித்தனமான கொடுமைகளெல்லாம் இவ்வாறு கழுவப்பட்டன. இது நீதியா, கதாசிரியரின் கைவந்த தந்திரமா என்று மாணவர் வாதிடலாம். இரண்டும் என்பதே எமக்குத் தோன்றுகிறது.

அக்குழந்தைக் கதையால் மற்றொரு பயனும் விளைந்தது. படக்கதை மாந்தர்க்கு வயது ஏறுவதில்லை. உலகிற்கோ ஆண்டுகள் கடக்கின்றன. 'அயர்ன் மேன்' முதலிற் காயமுற்றது வியட்நாமில். 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அது ஆப்கானித்தானமாயிற்று. போர் மாறினாலும் அப்பாத்திரம் மாறவில்லை. மேக்னீட்டோவை அவ்வாறு பெயர்த்து நடுதல் இயலாது. போஸ்னியாவுக்கோ ருவாண்டாவுக்கோ அவன் இளமையை மாற்ற முதன்மைக் கதைகள் எவையும் துணியவில்லை. ஆண்டோடும் இடத்தோடும் பிணைக்கப்பட்ட பெரும் பகைவன் அவன். அவன் இளமையாய் இருப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. 1977 அதனைத் தந்தது.

வழக்கின் முடிவில் நோயுற்ற சேவியர் தம் பள்ளியை மேக்னீட்டோவிடமே ஒப்படைக்கிறார். பகைவன் ஆசிரியனாகிறான். சில ஆண்டுகள் உண்மையாகவே முயல்கிறான். 1988இல் மாணவன் ஒருவன் கொல்லப்பட, நல்வழியில் நின்றும் பிள்ளைகளைக் காக்க முடியவில்லையே என்னும் தளர்ச்சி அவனைப் பிடித்துக்கொள்கிறது. ஆசிரியப் பணியில் உள்ளோர்க்கு இப்பகுதி நெருக்கமாக இருக்கும்.

மீண்டும் பகைவன்

1991 அக்டோபர் நாளிட்டுப் புதிய 'எக்ஸ்-மென்' முதல் இதழ் வந்தது. எண்பது இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனைக்குச் சென்று உலகச் சாதனையாகப் பதிவுற்ற இதழ் அது. அத்தகைய விற்பனைக்கு மனம் திருந்திய ஆசிரியனைக் காட்டிலும் கவசமணிந்த பகைவனே பயன்படுவான் என்று வெளியிட்டோர் கருதியிருத்தல் கூடும். இஃது எம் ஊகம். எவ்வாறாயினும் மேக்னீட்டோ மீண்டும் எதிர்ப்பக்கம் சென்றான்.

கிளேர்மான்ட் அக்காலத்தில் விலகுமுன் எழுதிய இறுதிக் கதை அதுவே. விடைபெறும் முன் அவர் ஒரு வினாவை எழுப்பிச் சென்றார். மேக்னீட்டோ குழந்தையாக இருந்தபோது மோய்ரா மெக்டாகர்ட் என்னும் அறிவியலறிஞர் அவன் மரபணுவில் மாற்றம் செய்திருந்தார் என்ற செய்தி வெளியாகிறது. அவ்வாறாயின் அவன் திருந்தியது தன் விருப்பத்தாலா, மருத்துவர் கைவண்ணத்தாலா? அறிந்த மேக்னீட்டோ கொதிக்கிறான். தன் பாவம் தன்னுடையது, தன் தவமும் தன்னுடையதே என்பதே அவன் சினத்தின் பொருள். இறுதியில், அம்மாற்றம் அவன் ஆற்றலைப் பயன்படுத்தியவுடனே கலைந்துபோகத் தக்கது என்று தெரியவருகிறது. நன்மையும் தீமையும் அவன் தேர்ந்தவையே. விதியா தன்விருப்பமா என்று காலங்காலமாக அறிஞர் வாதிட்ட பொருள் மூன்று இதழ்களில் இத்துணைக் கூர்மையாக அமைந்தது.

பின்வந்தோர் கூர்மையைக் காட்டிலும் அதிர்ச்சியை விரும்பினர். 1993இல் வுல்வரின் என்னும் வீரனின் எலும்புகளில் படிந்த உலோகத்தை மேக்னீட்டோ உடலிலிருந்தே உருவி எடுக்கிறான். அதற்கு மறுமொழியாகச் சேவியர் தம் நண்பனின் மனத்தையே அணைத்துவிடுகிறார். அக்காட்சியில் யார் கொடியர் என்று சொல்வது எளிதன்று. 2001இல் மேக்னீட்டோ ஆண்ட ஜெனோஷா தீவில் ஒரு கோடியே அறுபது இலட்சம் மியூட்டன்ட்டுகள் கொல்லப்பட்டதாகக் கதை. எழுதியவர் கிராண்ட் மாரிசன். 2003, 2004 ஆண்டுகளில் அவரே எழுதிய தொடர்ச்சியில் மேக்னீட்டோ போதைக்கு அடிமையாகி, நியூயார்க் நகரைப் பிடித்து, மனிதரை எரியுலைகளுக்கு ஓட்டிச் செல்கிறான்.

மாரிசனின் எண்ணம் விளங்காததன்று. துன்புற்றவன் என்பதற்காக எத்தனை முறை இவனை மன்னிப்பது என்று அவர் கேட்டார். கேட்கத்தக்க வினாவே. ஆனால் 1981இல் ஒரு சிறுமியின் உடலைக் கண்டு நடுங்கியவன், தன் பெற்றோரை விழுங்கிய உலையைத் தானே மூட்டினான் என்றால், இடையில் நிகழ்ந்த மாற்றத்தைக் காட்டவேண்டிய கடமை ஆசிரியர்க்கு உண்டு. அது காட்டப்படவில்லை. ஆகவே அவன் வேறொருவனாகத் தோன்றுகிறான். விந்தை என்னவெனில், கதையே அவ்வாறு தீர்ப்பளித்துவிட்டது! 2004இல் கிளேர்மான்ட் எழுதிய வேறொரு தொடரில் உண்மை மேக்னீட்டோ ஜெனோஷாவில் உயிரோடு இருக்கிறான். நியூயார்க்கில் கொலைபுரிந்தவன் அவன் வேடம் பூண்ட வேறொருவன் ஆக்கப்பட்டான். நம் ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகல் என ஒதுக்குவதைப் படக்கதைக்காரர் 'போலி' என்று ஒதுக்குகின்றனர்.

2008இல் தொடங்கிய 'மேக்னீட்டோ: டெஸ்டமென்ட்' ஐந்து இதழ்களைக் கொண்டது. எழுதியவர் கிரெக் பாக். வரைந்தவர் கார்மின் டி ஜியான்டொமெனிக்கோ. இதில் கவசமில்லை, மேலாடையில்லை, காந்தமும் அறியத்தக்க வகையில் இல்லை. மேக்னீட்டோ என்ற பெயரே கதைக்குள் ஒலிப்பதில்லை. மேக்ஸ் ஐசன்ஹார்ட் என்னும் ஜெர்மானிய யூதச் சிறுவன் பள்ளியில் இழிவுபடுகிறான், 1938 நவம்பர் இரவின் வெறியாட்டைக் காண்கிறான், வார்சா சேரியில் அடைபடுகிறான், பின் அவுஷ்விட்ஸ். அங்கே பிணங்களை அகற்றும் பணிக்கு வலிந்து சேர்க்கப்பட்ட கைதிகளுள் ஒருவனாகிறான். 1944 அக்டோபரில் அக்கைதிகள் உண்மையிலேயே நடத்திய எழுச்சியும் கதையில் உண்டு. பகைவனின் கதை வரலாற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. மாணவர் ஒரேயொரு நூலைப் படிக்க விரும்பின் இதனையே பரிந்துரைப்போம்.

திரையில்

1992இல் தொடங்கிய தொலைக்காட்சி ஓவியத்தொடர் சிறுவர்க்கானது. ஆதலின் முகாமைப் பெயர்சொல்லிச் சுட்டாமல் போரின் கொடுமையைப் பொதுவாகக் காட்டி நகர்ந்தது. 2000ஆம் ஆண்டில் பிரயன் சிங்கர் இயக்கிய 'எக்ஸ்-மென்' திரைப்படமோ அம்முகாமிலேயே தொடங்குகிறது. போலந்து, 1944. மழையில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவன் கையை நீட்ட, இரும்புக் கதவு வளைகிறது. படக்கதை பதினெட்டு ஆண்டுகள் கழித்துச் சொன்னதைத் திரை முதல் மணித்துளிகளிலேயே சொல்லிவிட்டது. இதனால் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. பார்வையாளர் அவனை வெறுக்கும் முன்னரே இரங்கிவிடுகின்றனர். வெறுத்தபின் இரங்க நேர்ந்த வாசகனின் தடுமாற்றம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை.

அக்குறையை ஈடுசெய்தவர் நடிகர் இயன் மெக்கல்லன். அவர் மேக்னீட்டோ உரக்கப் பேசுவதில்லை. சேவியரோடு சதுரங்கம் ஆடுகிறான். ஆனால் உலகத் தலைவர்களை மியூட்டன்ட்டுகளாக மாற்றும் பொறியை இயக்க ஓர் இளம்பெண்ணின் உயிரைப் பயன்படுத்தத் தயங்குவதில்லை. அவ்வளவு உயர்ந்த நோக்கமாயின் பொறியில் நீயே ஏறலாமே என்று வுல்வரின் இடித்துரைக்கும் இடம் குறிப்பிடத்தக்கது. 2006ஆம் ஆண்டுப் படத்தில், தன்னைக் காக்கக் குறுக்கே பாய்ந்து ஆற்றல் இழந்த தோழியை, இனி நீ எம்மவள் அல்லள் என்று விட்டுச் செல்கிறான். இனத்திற்காகப் போராடுபவன் தன்னவர் யார் என்று வரையறுக்கும் அளவுகோல் எவ்வளவு குறுகிவிட்டது என்பதற்கு அக்காட்சி ஒன்றே போதும்.

2011இல் மேத்யூ வான் இயக்கிய 'எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் கிளாஸ்' அதே இரும்புக்கதவுக் காட்சியோடு தொடங்கி, கதவுக்கு அப்பால் நிகழ்ந்ததைக் காட்டுகிறது. ஆற்றலைக் காட்டச் சொல்லி ஒரு நாணயத்தை வைக்கின்றனர், சிறுவனால் இயலவில்லை, தாய் கண்முன் சுடப்படுகிறாள். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த இளைஞன் அந்நாணயத்தைச் சுமந்துகொண்டே கொலைஞனைத் தேடுகிறான். 1962 அக்டோபரில் கியூபா கடற்கரையில் பழி தீர்கிறது. அங்கே சேவியர், கப்பல்களில் உள்ளோர் ஆணைக்குக் கட்டுப்பட்ட எளியோர் என்று கெஞ்சுகிறார். ஆணைக்குக் கட்டுப்பட்டவர்களிடமே தன் இளமை சிக்கியிருந்தது என்பது மற்றவன் மறுமொழி. நியூரம்பர்க் வழக்கின் வாதத்தைச் சேவியர் அறியாமலே தம் வாயாற் சொல்லிவிட்டார். அவ்வோர் இடத்தில் பகைவன் சொல்வதே சரி என்று படுகிறது. அடுத்த நொடியில் அவன் கப்பல்களை அழிக்க முனைகிறான். 2016இல் வந்த படம் அவன் மனைவியையும் மகளையும் மீண்டும் கொன்றது. முகாம் இருந்த நிலத்தையே அவன் இடித்துத் தகர்த்தான். காட்சி பெரிது, பொருள் சிறிது.

மால்கம் எக்ஸ் என்னும் ஒப்பீடு

சேவியர் மார்ட்டின் லூதர் கிங் போன்றவர், மேக்னீட்டோ மால்கம் எக்ஸ் போன்றவன் என்று எழுதுவது பல்லாண்டு வழக்கம். முதல் திரைப்படத்தின் இறுதியில் மேக்னீட்டோவின் வாயில் மால்கமின் புகழ்பெற்ற சொற்றொடர் ஒன்றே வைக்கப்பட்டது. நம் மாணவர்களும் இதனைக் கேட்டிருப்பர். இவ்வொப்பீட்டை நாம் ஏற்பதற்கில்லை.

1963ஆம் ஆண்டு இதழ்களில் இதற்குச் சான்று மிகக் குறைவு. ஒப்பீடு பின்னர் ஏற்றப்பட்டது. பொருளை நோக்கினும் பொருந்தவில்லை. மால்கம் எந்நாட்டையும் கைப்பற்ற முனைந்தவரல்லர், எவரையும் கொன்றவரல்லர், தம் மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமையைப் பேசியவர். 1964இல் ஹஜ் கடமையை நிறைவேற்றிய அவர், எல்லா நிறத்தவரும் ஓரணியில் நின்று தொழுததைக் கண்டு, வெள்ளையர் அனைவரையும் தீயோர் எனக் கருதிய தம் பழைய கொள்கையை வெளிப்படையாகத் துறந்தார். 1965 பெப்ரவரி 21இல் நியூயார்க்கில் மேடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தாம் மாறியதை வாழ்ந்துகாட்ட அவருக்குக் கிடைத்தது ஓராண்டுகூட இல்லை. மேக்னீட்டோவுக்கோ அறுபதாண்டு. சேவியரையும் கிங்கோடு ஒப்பிடுதல் தகாது. கிங் பகலில் தெருவில் நடந்தார், சிறை புகுந்தார். சேவியர் மாளிகைக்குள் மறைவாகப் படை பயிற்றுகிறார். ஒரு மக்களின் தலைவரைப் பகைவனின் உருவத்தோடு பிணைத்துப் படிக்கப் பழகிய இளைஞன், அத்தலைவரின் வரலாற்றையும் அக்கண்ணாலேயே படிப்பான். அதனாலேயே இதனை இவ்வளவு விரித்தோம்.

கிளேர்மான்ட் தாமே சுட்டிய ஒப்பீடு வேறு. ஆங்கிலேயரால் தேடப்பட்டுப் பின் இஸ்ரேலியப் பிரதமராகி, 1978இல் அன்வர் சதாத்தோடு அமைதிப் பரிசு பெற்ற மெனாகெம் பெகினை அவர் எண்ணியிருக்கிறார். 1948 ஏப்ரலில் தைர் யாசீன் ஊரில் பெகின் தலைமை தாங்கிய இயக்கம் நிகழ்த்தியதை அறிந்தோர்க்கு அவ்வொப்பீடும் தொண்டையிற் சிக்கும். ஆயினும் பாத்திரத்தின் உள்ளமைப்பை விளக்க அதுவே அதிகம் உதவுகிறது: துன்புற்றவன், பின் துன்புறுத்தியவன், பின் ஒப்பந்த மேசையில் அமர்ந்தவன். சிறுபான்மையாய் வாழ்வோர் எவர்க்கும் இம்மூன்று நிலைக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு சிறிது என்பது சொல்லாமலே விளங்கும்.

அண்மைக்காலம்

2019இல் ஜொனாதன் ஹிக்மன் எழுதிய கதையில் இருவரும் சேர்ந்தே மியூட்டன்ட்டுகளுக்கு ஒரு தீவுநாடு அமைக்கின்றனர். இதனை விரித்தற்கு இடமில்லை. 2024இல் வந்த 'எக்ஸ்-மென் '97' என்னும் தொடர் மட்டும் நின்று நோக்கத்தக்கது. 1992இல் தொடங்கிய ஓவியத்தொடரின் நேர்த் தொடர்ச்சி அது; அன்று சிறுவராயிருந்தோர் இன்று பெற்றோர். சேவியரின் உயில்படி பள்ளி மேக்னீட்டோவிடம் வருகிறது, அவன் உலக மன்றத்தின் முன் விசாரணைக்கு நிற்கிறான், ஜெனோஷா அழிகிறது, வுல்வரினின் எலும்பிலிருந்து உலோகம் உருவப்படுகிறது. 1985, 1993, 2001 ஆகிய ஆண்டுகளில் தனித்தனி ஆசிரியர் எழுதியவை பத்துப் பகுதிகளுள் ஒரே மனிதனின் வாழ்வாகக் கோக்கப்பட்டன. கோத்தபோது தெரிந்தது: மூலத்தில் இல்லாத காரணகாரியத் தொடர்பு இங்கே உண்டு. நல்லவனாக இருக்க முயன்றான். அவன் கண்முன்னே ஒரு நாடு எரிந்தது. அதன் பின்னரே உலகின் மின்னாற்றல் முழுவதையும் அணைத்தான். மாரிசன் காட்டாமல் விட்ட இடைப்பகுதியை ஓவியத்தொடர் காட்டிவிட்டது.

அத்தொடரின் முதற்பருவ இறுதியில், பெரும் அழிவொன்றைத் தடுக்கும் முயற்சியில் எக்ஸ்-மென் காலவெளியிற் சிதறுகின்றனர். சேவியரும் மேக்னீட்டோவும் வேறு சிலரும் கி.மு. 3000ஆம் ஆண்டு எகிப்தில் கண்விழிக்கின்றனர். அவர்கள்முன் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். பிற்காலத்தில் அப்போகலிப்ஸ் என்னும் பெயரால் உலகை நடுக்கவிருக்கும் பகைவன் அவன். அன்று இன்னும் எத்தீங்கும் செய்யாதவன். பழைய பகைவன், தன் நண்பன் அருகில் நிற்க, அந்த இளைஞனை நோக்குகிறான்.